கொலைக்களத்தில் ஓர் ஐயம்

சிலப்பதிகாரத்துக் கொலைக்களக் காதையை மாணவர் பெரும்பாலும் ஊழ்வினைக்குச் சான்றாகவே கற்பர். காவலர் அதிகாரம் பற்றிய வழக்காகவும் அது கற்கற்பாலது.

சிலம்பு கள்வன் கையதாயின் என்னும் நிபந்தனை பாண்டியன் ஆணையுள் உண்டு. அதனை ஆராயும் பொறுப்போ காவலர் தலையிலேயே விழுந்தது. ஒருவன் கோவலனின் தோற்றத்தை நோக்கி, இவன் கொலைக்குரியவன் அல்லன் என்றான். நல்லுள்ளந்தான், ஆயினும் முகக்குறி சான்றாகுமா? பொற்கொல்லன் நகைத்து, மந்திரம், தெய்வம், மருந்து முதலாகக் கள்வர்க்குத் துணையாவன எட்டினை அடுக்கினான். இன்னொருவன், மழையிரவொன்றில் தான் கண்ட வேறொரு கள்வன் கதையைக் கூறினான். கள்வர் பொதுவில் எத்தகையர் என்பதே பேச்சு. கோவலன் செய்தது யாது என்பதன்று. அதற்குள் கல்லாதவன் ஒருவன் வாளை எறிந்துவிட்டான். சிலம்பினுள் இருப்பது முத்தோ மாணிக்கமோ என்னும் சோதனை, அவன் இறந்தபின்னரே அரசவையில் நிகழ்ந்தது.

நம் நாட்டில், 1979 ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை, பிடியாணையின்றிக் கைதுசெய்யப் பொலிசாருக்கு இடந்தரினும், சந்தேகம் ‘நியாயமானதாக’ இருத்தல் வேண்டும் என்றது. 24 மணித்தியாலத்துள் நீதவான்முன் நிறுத்துமாறும் பணித்தது. அவ்வடைமொழியிலேதான் எல்லாம் அடங்கியுள்ளது என்பேன். அதே ஆண்டில் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டமோ, நீதிமன்று செல்லாமலே 18 மாதம்வரை தடுத்துவைக்க இடந்தந்தது. 2022 இல் அது 12 மாதமாகக் குறைக்கப்பட்டது.

கைதாவோர்க்குக் காரணம் கூறுக என்கிறது 1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 13 ஆம் உறுப்புரை. கோவலனுக்குக் கூறப்பட்டதோ, இவர்கள் அரசன் ஏவலாற் சிலம்பு காண வந்தவர் என்பதே.