சிறுகை தேடும் சுவை

கொச்சி நகரின் மட்டாஞ்சேரி, பல மொழியினர் அடுத்தடுத்து வாழும் இடமாகும். மலையாளம், கொங்கணி, குஜராத்தி, தமிழ் ஆகிய மொழிகள் இங்குள்ள தெருக்களில் ஒலிக்கின்றன. மொழிகளைப் போலவே உணவுகளும் பலவாகும். தேநீர்க் கடையில் பழம்பொரி பொரிகிறது. குஜராத்தியர் வீட்டில் டோக்ளா வேகிறது. கொங்கணியர் பலா இலைக் கிண்ணத்தில் இட்லி அவிக்கின்றனர். தமிழர் இல்லத்தில் கொழுக்கட்டை மணக்கிறது. இவ்விடத்தில் வளரும் ஒன்றரை வயதுக் குழந்தை, கண்ணில் பட்டதை எல்லாம் எடுத்துச் சுவைக்க முயல்கிறது. சிலர் இதனைப் பேராசை என்று கடிந்துகொள்வர். உண்மையில் இது கற்றலின் முதற்படியாகும்.

நம் முன்னோர் இதனை அறிந்திருந்தனர். உணவில் கையிட்டு, வாயில் கவ்வி, நெய்ச்சோற்றை மேனியில் சிதறிக்கொள்ளும் குழந்தையைப் புறநானூற்றின் 188ஆம் பாடலில் பாண்டியன் அறிவுடைநம்பி காட்டுகிறார். அரசர் அக்குழந்தையைக் கடியவில்லை. அதனால் கிடைக்கும் இன்பத்தையே வியக்கிறார்.

நாவின் கல்வி பிறப்பதற்கு முன்பே தொடங்குகிறது. கருவுற்ற காலத்திலோ பாலூட்டிய காலத்திலோ கேரட் சாறு பருகிய தாய்மாரின் குழந்தைகள், கேரட் கலந்த கூழை முகம் சுளிக்காமல் ஏற்றன என்று ஜூலி மெனெல்லா குழுவினர் 2001இல் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. தாய் உண்ணும் உணவின் மணம் சேயையும் அடைகிறது.

முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டுமே போதும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. அதன்பின் பிற உணவுகளைச் சிறிது சிறிதாகத் தொடங்கலாம். கேரளத்தில் உலர்ந்த வாழைக்காய் மாவில் குறுக்குக் காய்ச்சித் தருவர். தமிழ்நாட்டில் பருப்புச் சோற்றை நெய்யிட்டு மசித்து ஊட்டுவர்.

இரண்டு வயதை நெருங்கும்போது, எல்லாவற்றையும் சுவைத்த அதே குழந்தை புதிய உணவைக் கண்டதும் தலையைத் திருப்பிக்கொள்ளும். இதுவும் இயல்பே. தானே நடந்து திரியும் குழந்தை நச்சுப் பொருளை உண்டுவிடாமல் காக்கும் இயற்கை அச்சம் இது என்று அறிஞர் கருதுகின்றனர். இவ்வேளையில் வற்புறுத்துதல் கூடாது. மறுத்த உணவைச் சில நாள் கழித்து மீண்டும் சிறிதளவு வைக்க வேண்டும். எட்டு, பத்து முறை கண்டபின் ஏற்கும் குழந்தைகள் பலர். அண்ணனோ அக்காவோ அருகில் அமர்ந்து அதே உணவை உண்டால் அச்சம் விரைவில் நீங்கும்.

ஆர்வத்திற்கு வேலியும் தேவை. முழு வேர்க்கடலை, முழுத் திராட்சை, கடினமான முறுக்குத் துண்டு ஆகியவை குழந்தையின் சிறிய மூச்சுக்குழலை அடைத்து உயிருக்கே கேடு விளைவிக்கலாம். ஒரு வயது நிறையும்வரை தேன் தருதல் ஆகாது. உப்பும் சர்க்கரையும் மிகுந்த பொட்டலத் தின்பண்டங்களுக்குப் பழகிய நாவுக்கு, வீட்டு உணவு சுவையற்றதாகத் தோன்றும்.

பெற்றோர் இருவரும் வேலைக்குச் செல்லும் இல்லங்களில், அழும் தம்பிக்குப் பொட்டலத்தைப் பிரித்துக் கொடுப்பது பெரும்பாலும் பள்ளிப் பிள்ளையின் கையே. அந்தக் கை, அவித்து மசித்த நேந்திரம்பழத்தையும் எடுக்கலாம். கடைக்காரர் அதனை ஏத்தப்பழம் என்பார். தம்பி இரண்டு பெயர்களையும் கற்றுக்கொள்வான்.

சிந்தித்து விடை எழுதுக:
1. குழந்தை புதிய உணவை மறுப்பது ஏன்?
2. சிறு குழந்தைக்குத் தரக்கூடாத பண்டங்கள் யாவை?
3. உன் வீட்டிலும் அண்டை வீட்டிலும் சமைக்கும் ஒரே பண்டத்திற்கு வழங்கும் இரு பெயர்களை எழுதுக.