பீலியடியில் இருந்த இடம்

எண்பதுகளில், உடப்புசல்லாவைத் தேயிலைத் தோட்டமொன்றில், எங்கள் லயத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் அவர் தண்ணி மாமா. பெண்கள் பிரட்டுக்குப் போகுமுன் பீலியில் தண்ணீர் பிடித்து, பன்னிரண்டு காம்பராக்களின் இஸ்தோப்பிலும் வீட்டுக்கொரு குடம் கொண்டுவந்து வைப்பார். அவருக்கு எண்ணத் தெரியாது. ஆனாலும் எந்தக் குடம் எந்த வீட்டுடையது என்பதில் ஒருநாளும் பிசகியதில்லை. வாய் நசுங்கிய அலுமினியக் குடம் கடைசிக் காம்பராவுக்கு. கழுத்தில் பச்சைக் கயிறு கட்டியது எங்களுக்கு. ஒரு வீட்டில் ரொட்டி, அடுத்த வீட்டில் சம்பல், இன்னொரு வீட்டில் சாயத்தண்ணி என்று அவருடைய காலைச் சாப்பாடு லயத்தின் நீளத்துக்கு நடந்து முடியும். தாய் கொழுந்தெடுக்கப் போன பகல் நேரங்களில் பிள்ளைக் காம்பராவில் இருப்பார். முப்பது வயதைத் தாண்டிய ஒருவர் அங்கே உட்கார்ந்து தொட்டில் ஆட்டுவதை யாரும் விசித்திரமாகப் பார்த்ததில்லை. ஆயாவுக்கு அவர் ஒரு கை உதவி.

ஆதரவுடன் கூடிய வாழ்வு என்று இன்று சொல்கிறார்கள். அறிவு வளர்ச்சிக் குறைபாடுள்ள ஒருவர் விடுதியிலோ ஆஸ்பத்திரியிலோ அடைபடாமல், தன் ஊரில், தன் வீட்டில், வேண்டிய அளவு துணையோடு வாழ்வது அது. அந்தச் சொல் எங்களை எட்டுமுன்பே அதில் ஒரு பங்கு, பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராக்களின் வரிசையில் இருந்திருக்கிறது.

ஒரு பங்குதான். மீதியையும் எழுதியாக வேண்டும். சம்பள நாள் இரவுகளில் குடித்துவிட்டு வந்தவர்கள் தண்ணி மாமாவை ஆடச் சொல்வார்கள்; ஆடாவிட்டால் அடிப்பார்கள். காமன் கூத்துக்கு வெளித்தோட்டத்து உறவினர்கள் வரும் நாட்களில் அவரை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திவிடுவார்கள். பள்ளிக்கூடத்தின் படியை அவர் மிதித்ததில்லை. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் நாடற்றுப்போன குடும்பம் அது. அவருக்குப் பிறப்புச் சான்றிதழும் இல்லை, அடையாள அட்டையும் இல்லை. அவருக்குத் தெரிந்த ஒரே அரச நிறுவனம், அவர் பார்த்தேயிராத அங்கொடை மனநோய் ஆஸ்பத்திரி. "அங்கொடைக்கு அனுப்பிப்புடுவேன்" என்று யார் விளையாட்டாகச் சொன்னாலும் குடத்தைப் போட்டுவிட்டு ஓடுவார். நாற்பது வயதாகுமுன், ஓர் அடைமழைக் காலத்தில் நெஞ்சுச்சளி முற்றி இறந்துபோனார். அவருடைய தாய் அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் உயிரோடிருந்தார்.

அன்றைக்கும் இன்றைக்குமான பெரிய வேறுபாடு இந்தக் கடைசி வரியில்தான் இருக்கிறது. அவரைப் போன்றவர்களில், டவுன் நோய்க்குறியோடு பிறந்தவர்களின் சராசரி ஆயுள், அமெரிக்கக் கணக்குப்படி 1983இல் 25 வருடம். இன்று அது 60ஐத் தொட்டுவிட்டது. இருதய ஓட்டையைச் சிறுவயதிலேயே அடைக்கிறார்கள். நெஞ்சுச்சளிக்கு மருந்து இருக்கிறது. அமெரிக்காவின் எண் அப்படியே எங்கள் மலைக்குப் பொருந்தாது என்றாலும், போகும் திசை ஒன்றுதான். அன்று பிள்ளைகள் தாய்மாருக்கு முன்னே போனார்கள். இன்று தாய்மார் முன்னே போகிறார்கள்.

அதே தோட்டத்தில், ஏழு பேர்ச்சஸ் காணியில் கட்டிய தனி வீடொன்றில், இப்போது டவுன் நோய்க்குறியுள்ள தம்பி ஒருவர் தாயுடன் இருக்கிறார். வயது 34. அவருக்குக் கிடைத்திருப்பவற்றில் ஒன்றுகூடத் தண்ணி மாமாவுக்குக் கிடைத்ததில்லை. பிறப்புச் சான்றிதழ் இருக்கிறது, அடையாள அட்டை இருக்கிறது. 1988ஆம், 2003ஆம் ஆண்டுச் சட்டங்களுக்குப் பின் குடும்பமே இலங்கைப் பிரஜைகள். அவர் கைக்குழந்தையாக இருந்தபோதே நுவரெலியாவில், 1988இல் தொடங்கிய மென்கஃபெப் நிறுவனம் இத்தகைய பிள்ளைகளுக்கும் குடும்பங்களுக்குமாக வேலை செய்துகொண்டிருந்தது. பாடசாலையின் விசேட கல்விப் பிரிவில் சில வருடம் படித்தார். தன் பெயரை எழுதுவார், பஸ் இலக்கம் வாசிப்பார். இயலாமையுள்ளவர்களின் உரிமைகளைப் பாதுகாக்க 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. மாதாந்த உதவித்தொகை ஒரு காலத்தில் 3,000 ரூபாயாக இருந்து, படிப்படியாக ஏறி 2025இல் 10,000 ஆனது. அந்த வருடத்து அடிப்படை நாட்கூலி 1,350 ரூபாய். ஏழரை நாள் கூலிக்குக் கொஞ்சம் குறைவு என்றாலும், மாதம் தவறாமல் அவர் பெயரில் வரும் பணம். இது சிறிய மாற்றமல்ல. எண்பதுகளில் அவரை ஒத்தவர்களுக்குச் சோறுதான் கிடைத்தது, அதுவும் பிறர் கொடுத்தால்.

ஒரு காலையில் அந்த வீட்டுக்குப் போயிருந்தேன். தாய் ஒரு நீலச் சட்டையை எடுத்து நீட்டினார். தம்பி தலையை ஆட்டிவிட்டு, கொடியில் தொங்கிய சிவப்புச் சட்டையைக் காட்டினார். "அது ஈரம்டா" என்றார் தாய். அவர் விடவில்லை. ஐந்து நிமிடம் கழித்து, அடுப்புக்கு மேலே பிடித்து உலர்த்திய சிவப்புச் சட்டையோடு வாசலில் வந்து நின்றார். பராமரிப்பின் தரம் என்றால் எனக்கு அந்த ஐந்து நிமிடம்தான். தண்ணி மாமாவிடம் எந்தச் சட்டை வேண்டும் என்று யாரும் கேட்டதில்லை. அவரிடம் இரண்டு சட்டை இருந்ததாகவும் நினைவில்லை.

ஆனால் சட்டை போட்ட பிறகு அவர் போக இடமில்லை. தண்ணீர் இப்போது குழாயில் வருகிறது, அடுப்பில் பாதி நேரம் கேஸ் எரிகிறது. குடம் சுமக்கவும் விறகு பொறுக்கவும் ஆள் வேண்டியதில்லை. நல்லதுதான், பெண்களின் இடுப்பை முறித்த வேலைகள் அவை. அவற்றோடு, எண்ணத் தெரியாத ஒருவருக்கு லயத்தில் இருந்த இடமும் போய்விட்டது. ஆட்களும் குறைந்துவிட்டார்கள். தோட்டங்களைக் கம்பனிகள் பொறுப்பேற்ற 1992ஆம் ஆண்டளவில் அங்கே மூன்று லட்சம் பேருக்கு மேல் வேலை செய்தார்கள். இன்று அதில் பாதிகூட இல்லை. இளையவர்கள் கொழும்புக் கடைகளிலும் ஆடைத் தொழிற்சாலைகளிலும் இருக்கிறார்கள். பிள்ளைக் காம்பரா சிறுவர் அபிவிருத்தி நிலையமாகி, பயிற்சி பெற்ற உத்தியோகத்தரும் வண்ணச் சுவர்களும் வந்துவிட்டன. வளர்ந்த ஒருவர் அங்கே உட்கார இன்று அனுமதியில்லை. குழந்தைகளின் பாதுகாப்புக்காக அந்த விதி சரியானது; அதை நான் குறை சொல்லமாட்டேன். பன்னிரண்டு வாசல்களில் அன்று பிரிந்திருந்த பொறுப்பு இன்று ஒரு வாசலில் வந்து நிற்கிறது. அந்த வாசலில் இருப்பவருக்கு மூட்டுவலி.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நானுஓயாவிலிருந்து குறும்பாதை ரயில் ஒன்று ஓடியது. அதற்கு உடப்புசல்லாவைப் பாதை என்றே பெயர். தண்டவாளம் எங்களை எட்டாமல் ராகலையோடு நின்றுவிட்டது. நாற்பதுகளில் அதுவும் மூடப்பட்டது. இலங்கை 2016 பெப்ரவரியில் ஏற்றுக்கொண்ட, இயலாமையுள்ளவர்களின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தின் 19ஆம் உறுப்புரையைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பாதைதான் நினைவுக்கு வருகிறது. எங்கே, யாரோடு வாழ்வது என்பதை இயலாமையுள்ளவர் தாமே தெரிவுசெய்யலாம், அதற்கு வேண்டிய துணையைச் சமூகத்துக்குள்ளேயே பெறலாம் என்கிறது அது. எழுத்து எங்களைச் சொல்கிறது. உதவித்தொகை வந்து சேர்கிறது. துணைக்கு வரவேண்டிய ஆள் இன்னும் வந்து சேரவில்லை.

வந்து சேர முடியாததல்ல அது. சுவீடன் 1994இல் நடைமுறைக்கு வந்த சட்டத்தால் துணையாளரைப் பெறுவதை உரிமையாக்கியது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் பெரிய விடுதிகளை மூட வகைசெய்தது. அது பணக்கார நாடு என்று விட்டுவிடலாம். சென்னையில் பேனியன் அமைப்பு 2015இல் தொடங்கிய 'ஹோம் அகெய்ன்' திட்டத்தை அப்படி விட்டுவிட முடியாது. மனநோயால் நீண்டகாலம் ஆஸ்பத்திரியில் கிடந்தவர்கள் நான்கைந்து பேராகச் சாதாரண வாடகை வீடுகளில் வாழ்கிறார்கள். சம்பளம் பெறும் உதவியாளர்கள் துணையிருக்கிறார்கள். மனநோய் வேறு, அறிவு வளர்ச்சிக் குறைபாடு வேறு. வீட்டு ஏற்பாடு இருவருக்கும் பொருந்தும்.

உடப்புசல்லாவையிலும் இதைச் செய்யலாம். புதிய வீட்டுத்திட்டம் ஒவ்வொன்றிலும் ஒரு வீட்டை இந்தத் தம்பியைப் போன்ற நான்கு பேருக்காக ஒதுக்க வேண்டும். கொழுந்தெடுத்து ஓய்வுபெற்ற பெண்களில், பிள்ளை வளர்த்த கை பழகியவர்கள் நிறையப்பேர் இருக்கிறார்கள். அவர்களில் இருவருக்கு முறையான பயிற்சியும் முறையான சம்பளமும் கொடுக்கலாம். தாய் இருக்கும்போதே பிள்ளை வாரத்தில் இரண்டு இரவு அங்கே தங்கப் பழக வேண்டும். சிவப்புச் சட்டையா நீலச் சட்டையா என்று கேட்டு ஐந்து நிமிடம் காத்திருப்பதும் அந்த வேலையின் ஒரு பகுதி என்று எழுதிவைக்க வேண்டும். வீடமைப்புக்குப் பொறுப்பானவர்களும் பிரதேச செயலக சமூக சேவை உத்தியோகத்தர்களும் தொழிற்சங்கத் தலைவர்களும் அடுத்த திட்டத்தின் வரைபடத்தை விரிக்கும்போது இந்த ஒரு வீட்டுக்கு இடம் குறித்துத் தரவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நான் புறப்படும்போது அந்தத் தாய் கேட்டார்: "நான் கண்ண மூடிட்டா இவனுக்கு யாருங்க காலையில தேத்தண்ணி குடுப்பா?" வரும் தையில் அவருக்கு 70 வயதாகிறது.