கால் மரத்தால் காலம் கடத்தாதீர்கள்

செட்டிகுளம், ஆலத்தூர் பக்கம் சின்ன வெங்காயத்தில் களை எடுக்கக் காலையில் குத்தவைத்து உட்காருபவர்கள், வெயில் ஏறும்வரை அப்படியே நகர்ந்துகொண்டே போவார்கள். எழுந்ததும் கால் மரத்திருக்கும். நாலு எட்டு வைத்தால் சரியாகிவிடும். சிலருக்கு மட்டும் சரியாவதில்லை. செருப்பு தானாகக் கழன்று விழும். வரப்பில் கட்டைவிரல் இடறும். பாதம் தொங்கும். வாயுப் பிடிப்பு என்று எண்ணெய் தேய்த்தே ஒரு மாதத்தை ஓட்டிவிடுகிறோம்.

இது வாயு அல்ல, நரம்பு நசுங்கியிருக்கிறது. முழங்காலின் வெளிப்பக்கம், சற்றுக் கீழே தடவிப் பாருங்கள். ஓர் எலும்பு முண்டு தட்டுப்படும். பாதத்தைத் தூக்கும் நரம்பு அதைச் சுற்றி, தோலுக்கு அடியிலேயே ஓடுகிறது. மணிக்கணக்கில் குத்தவைத்தால் அங்கேதான் அழுந்தும். மேலைநாட்டில் ஸ்ட்ராபெர்ரி பறிக்கும் கூலியாட்களிடம் கண்டதால் இந்த நோய்க்கு அந்தப் பழத்தின் பெயரும் உண்டு. நம் மாவட்டத்தில் கண்டிருந்தால் வெங்காயத்தின் பெயர் வந்திருக்கும்!

குதிகாலை மட்டும் ஊன்றிப் பத்தடி நடந்து பாருங்கள். ஒரு கால் முன்பாதம் தூக்கவில்லை என்றால் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். முதுகுத் தண்டில் நரம்பு அழுந்தினாலும் இப்படி வரும்; எது என்று அவர்தான் பிரித்துச் சொல்ல முடியும். ஒரே பக்கம் கையும் காலும் திடீரென்று விழுந்தாலோ, வாய் கோணினாலோ அது பக்கவாதம். உடனே 108-ஐ அழையுங்கள்.

நரம்பு அழுந்தியது மட்டும் என்றால், குத்தவைப்பதை நிறுத்தி, பாதம் தொங்காமல் தாங்குபட்டை கட்டி, இயன்முறைப் பயிற்சி செய்தால் பெரும்பாலும் சில வாரங்களிலோ சில மாதங்களிலோ மீளும். மரத்த இடத்தில் வெந்நீர் ஒத்தடம் வேண்டாம். சூடு தெரியாமல் தோல் வெந்துவிடும்.

அரிவாள் வெட்டு வேறு கதை. அறுந்த நரம்பு தானாகச் சேராது. மக்காச்சோளத் தட்டை அறுக்கும்போது மணிக்கட்டிலோ விரலிலோ வெட்டுப்பட்டால், சுத்தமான துணியால் அழுத்திக் கட்டுங்கள். காப்பித்தூள், சுண்ணாம்பு, மண்ணெண்ணெய் எதுவும் வேண்டாம். மரப்பு ஊசி போடுவதற்கு முன்பே, வெட்டுக்கு அப்பால் விரல் நுனியைத் தொட்டால் தெரிகிறதா என்று பார்த்து மருத்துவரிடம் சொல்லுங்கள். தோலை மட்டும் தைத்து அனுப்பிவிட்டால், உள்ளே நரம்பு அறுந்திருப்பது புண் ஆறிய பிறகுதான் தெரியவரும்.

ஏன் இந்த அவசரம்? தைத்த நரம்பு நாளுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர்தான் வளரும். மணிக்கட்டிலிருந்து விரல் நுனிக்குப் போய்ச் சேர ஆறு மாதம் ஆகும். ஒன்று, ஒன்றரை ஆண்டுக்குள் நரம்பு வந்து சேராத தசை சுருங்கிப்போகும். அதன் பிறகு நரம்பு வந்தும் பயனில்லை.

நாள் கடந்தவர்களுக்கும் வழி முற்றிலும் அடைபடவில்லை. நல்ல தசையின் நாணை மாற்றிக் கட்டி விரலை அசைய வைக்கலாம். வேலூர் சி.எம்.சி.யில் 1940-களின் இறுதியில் டாக்டர் பால் பிராண்ட் தொழுநோயாளிகளின் கைகளுக்குச் செய்து காட்டியது இதைத்தான். சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கை அறுவை சிகிச்சைக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. வெளிர்ந்த தேமலும் அதில் மரப்பும் சேர்ந்திருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். தொழுநோய்க்கு மருந்து இலவசம்.

மருந்து அடிப்பவர்களுக்கு இன்னொன்று. 2017-இல் பெரம்பலூர் பருத்திக் காடுகளில் மருந்து அடித்தவர்கள் இறந்ததை நாம் மறக்கவில்லை. பிழைத்தவர்களையும் கவனிக்க வேண்டும். குளோர்பைரிபாஸ் போன்ற பாஸ்பரஸ் வகைப் பூச்சிமருந்து நஞ்சேறிக் குணமானவர்களில் சிலருக்கு, இரண்டு மூன்று வாரம் கழித்துப் பாதத்தில் எரிச்சலும் மரப்பும் தொடங்கி, கால் பலமிழக்கும். எந்த மருந்து, எந்தத் தேதி என்று டப்பாவோடு போய்ச் சொன்னால் மருத்துவருக்கு உதவும்.

வேளாண் அலுவலர்களும் களப்பணியாளர்களும் வெங்காய வயலுக்குப் போகும்போது நோயும் பூச்சியும் மட்டும் பார்க்காமல், களை எடுப்பவர்களின் கால்களையும் விசாரியுங்கள். அரை மணிக்கு ஒருமுறை எழுந்து கால் நீட்டச் சொல்லுங்கள். தாள் அரிவதற்குக் குத்தவைக்கத் தேவையில்லை. ஒரு சாண் உயரப் பலகை போதும். வரிசை விட்டு நட்ட வயலில், நின்றபடி தள்ளும் சக்கரக் களைக்கருவியைப் பயன்படுத்தலாம். செடியை ஒட்டிய களைக்கு மட்டும் உட்கார்ந்தால் போதும்.