ஆஜ் பந்த் ஹை: டெல்லி போகிறவர்கள் கவனத்துக்கு

டெல்லியில் ஒரு சுற்றுலாப் பயணியை ஏமாற்றப் பெரிய தந்திரமெல்லாம் வேண்டாம். ‘ஆஜ் பந்த் ஹை’ என்று சொன்னால் போதும். செங்கோட்டைக்கு என்று ஆட்டோவில் ஏறுவீர்கள். இன்று மூடியிருக்கிறது, அதைவிட நல்ல இடம் காட்டுகிறேன் என்பார் ஓட்டுநர். அந்த நல்ல இடம் ஒரு சால்வைக் கடையாகவோ கம்பளக் கடையாகவோ இருக்கும். ஆள் கொண்டுவந்து விட்டதற்கே அவருக்குக் காசு உண்டு. நீங்கள் ஏதாவது வாங்கினால் கமிஷன் தனி; அது உங்கள் பில்லில்தான் ஏறியிருக்கும்.

இந்தப் பொய் எடுபடுவதற்குக் காரணம், வாரத்தில் ஒரு நாள் அது உண்மை. திங்கட்கிழமை செங்கோட்டைக்கு விடுமுறை. அட்சர்தாம், தாமரைக் கோயில், தேசிய அருங்காட்சியகம் எல்லாமே அன்றைக்கு மூடியிருக்கும். குடியரசு தினத்தையும் சுதந்திர தினத்தையும் ஒட்டிச் செங்கோட்டையைக் கூடுதல் நாட்கள் மூடுவார்கள். ஆக்ராவில் தாஜ்மகாலுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. இது தெரியாமல் வெள்ளிக்கிழமைக்கு ஆக்ரா பஸ் புக் செய்துவிட்டு, யமுனையின் அக்கரையிலிருந்து தாஜைப் பார்த்துத் திரும்பும் குடும்பங்கள் உண்டு. திங்களன்று குதுப் மினார், ஹுமாயூன் கல்லறை, பங்களா சாகிப் குருத்வாரா என்று வைத்துக்கொண்டால் அந்த நாள் வீணாகாது. முடிந்தவரை மெட்ரோவில் போங்கள். செங்கோட்டைக்கு லால் கிலா ஸ்டேஷன்; குதுப் மினாருக்கு அதே பெயரில் ஸ்டேஷன். பேரம் இல்லை, ‘பந்த்’ என்று சொல்ல ஆளும் இல்லை.

புது டெல்லி ரயில் நிலையத்தில் இதே பொய் வேறு சட்டை போட்டுக்கொண்டு வரும். ‘உங்கள் டிக்கெட் கேன்சல் ஆகிவிட்டது, எதிரே உள்ள ஆபீஸில் மாற்றித் தருவார்கள்’ என்று அடையாள அட்டை மாட்டிய ஒருவர் சொல்வார். நகராமல் நின்று ரயில்வேயின் 139-ஐ அழைத்து பி.என்.ஆர். நிலையைக் கேளுங்கள். ‘டூரிஸ்ட் இன்ஃபர்மேஷன்’, ‘அரசு அங்கீகாரம்’ என்று பலகை வைத்த தனியார் கடைகள் பஹாட்கஞ்சிலும் கன்னாட் பிளேஸிலும் ஏராளம். மத்திய சுற்றுலாத் துறையின் அலுவலகம் இருப்பது 88, ஜன்பத்தில்.

ஆட்டோ மீட்டர் கட்டணம் 2023 ஜனவரியில் மாறியது: முதல் ஒன்றரை கிலோமீட்டருக்கு 30 ரூபாய், பிறகு கிலோமீட்டருக்கு 11. இரவு 11 முதல் காலை 5 வரை 25 சதவீதம் கூடுதல். போக்குவரத்துப் போலீஸின் ப்ரீபெய்டு பூத்தில் வண்டி எடுத்தால், சீட்டை இறங்கும் இடம் வந்த பிறகே கொடுங்கள். அந்தச் சீட்டைக் காட்டித்தான் ஓட்டுநர் பணம் வாங்க வேண்டும். நடுவழியில் கைமாறினால் உங்கள் பிடி போயிற்று.

அதிகம் பணம் கரைவது ஆக்ரா ஒருநாள் பேக்கேஜில். சொல்வது ஏ.சி. வால்வோ, வருவது வேறு வண்டி. வழியில் இரண்டு கடைகள், ஒரு நீண்ட சாப்பாட்டு நிறுத்தம். தாஜுக்குள் நுழையும்போது பொழுது சாயத் தொடங்கியிருக்கும். சூரியன் மறைவதற்குள் வெளியேற்றிவிடுவார்கள். நுழைவுக்கு 50 ரூபாய். கல்லறை மாடத்துக்குள் போக மேலும் 200. ‘டிக்கெட் உட்பட’ என்று சொன்னவர் இதில் எதைச் சொன்னார் என்பதை முன்பே கேட்டுவிடுங்கள். எந்த வண்டி, தாஜில் எத்தனை மணிக்கு, என்னென்ன டிக்கெட் சேர்ந்தது என்பதை வாட்ஸ்அப்பிலாவது எழுதி வாங்குங்கள். வாய்ப்பேச்சை எந்த நுகர்வோர் ஆணையத்திலும் நிரூபிப்பது கஷ்டம்.

ஓட்டல் பில்லில் ‘சர்வீஸ் சார்ஜ்’ இருந்தால் அது வரி அல்ல. அதைக் கட்டாயமாக வசூலிக்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் அதை உறுதி செய்தது. நீக்கச் சொல்லலாம். ஆனால் தண்ணீர் பாட்டில் விஷயத்தில் பலர் தவறாகச் சண்டை போடுகிறார்கள். கடையில் எம்.ஆர்.பி.க்கு மேல் வாங்கக் கூடாது, சரி. உட்காரவைத்துப் பரிமாறும் ஓட்டல்களை அந்த விலை கட்டுப்படுத்தாது என்று உச்ச நீதிமன்றம் 2017-லேயே சொல்லிவிட்டது.

டிசம்பர், ஜனவரியில் பனிமூட்டத்தால் ரயில்கள் மணிக்கணக்கில் தாமதமாகும். நீங்கள் ஏறும் ஸ்டேஷனில் ரயில் 3 மணி நேரத்துக்கு மேல் தாமதமானால், பயணத்தைக் கைவிட்டு முழுப் பணத்தையும் திரும்பப் பெறலாம். ஆனால் ரயில் கிளம்புவதற்குள் டி.டி.ஆர். (பணத்தைத் திரும்பக் கேட்கும் விண்ணப்பம்) பதிந்திருக்க வேண்டும்.

‘ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்காக மறுபடி டெல்லிக்கா போவார்கள்?’ என்பதுதான் ஏமாற்றுகிறவரின் துணிச்சல். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் அதை உடைத்துவிட்டது. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். மதுரைக்காரர் மதுரையில், திருநெல்வேலிக்காரர் திருநெல்வேலியில். வக்கீல் கட்டாயமில்லை. கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணமும் இல்லை. இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. அதற்கு முன் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைத்துப் பாருங்கள், தமிழிலேயே பேசலாம். பல நிறுவனங்கள் அந்தக் கட்டத்திலேயே பணத்தைத் திருப்பிவிடும். சுற்றுலாத் துறையின் 1363 இருபத்து நான்கு மணி நேரமும் இயங்குகிறது. ஜப்பானியமும் இத்தாலியமும் கிடைக்கும், தமிழ் கிடைக்காது.

பணம் ஆன்லைனில் பறிபோனால் உடனே 1930. ஆபத்து என்றால் 112. திருட்டுப் புகாரை ‘எங்கள் எல்லை இல்லை’ என்று காவல் நிலையம் தட்டிக்கழிக்க முடியாது. எந்த நிலையத்திலும் ‘ஜீரோ எஃப்.ஐ.ஆர்.’ பதியச் சொல்லி, இலவச நகலும் கேட்டு வாங்கலாம்.

ஒன்று மட்டும்: பெயர் தெரியாத ஆட்டோக்காரர் மீது வழக்குப் போட முடியாது. எதிர்த்தரப்புக்குப் பெயரும் முகவரியும் வேண்டும். அதனால் வண்டி எண்ணைப் படமெடுங்கள், ஜி.எஸ்.டி. எண் உள்ள பில் கேளுங்கள், ரொக்கம் தவிர்த்து யு.பி.ஐ.யில் கொடுங்கள். சின்ன மெஷினில் அடித்துத் தரும் ரசீதில் எழுத்து சில மாதங்களில் மங்கிவிடும். அன்றன்றைக்கே அதையும் போனில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.