புதுத் தீம் ஏன் வெறுமையாகத் தெரிகிறது?

மாணவர்களே, பள்ளிக் கழகத்திற்காக வேர்ட்பிரஸில் இணையத்தளம் அமைக்கிறீர்கள். மாதிரிப் படத்தில் அழகாக இருந்த தீம், நிறுவியதும் வெறுமையாகத் தெரிகிறதா? அது கோளாறு அன்று. நிறம், எழுத்துரு, பக்க அமைப்பு ஆகியவற்றை மட்டுமே தீம் தீர்மானிக்கிறது. நீங்கள் எழுதும் கட்டுரைகள் தரவுத்தளத்தில் தனியே இருக்கின்றன. அதனால்தான் தீம் மாறினாலும் அவை அழிவதில்லை.

ஆனாலும், புதியவர் வெறும் பக்கத்தைக் கண்டு திகைப்பார். எனவே, 2016 டிசம்பரில் வெளிவந்த வேர்ட்பிரஸ் 4.7 'தொடக்க உள்ளடக்கம்' என்ற வசதியைத் தந்தது. அதனுடன் வந்த 'டுவென்டி செவன்டீன்' தீம் இதைப் பயன்படுத்தியது. புதிய தளத்தின் முன்னோட்டத்தில் மாதிரிப் பக்கங்கள் தோன்றும். நீங்கள் வெளியிடும்வரை பார்வையாளர்களுக்குத் தெரியாது.

நாளை நீங்கள் ஒரு செயலியை உருவாக்கினால், முதல் திரையைக் காலியாக விடாதீர்கள். திருத்தக்கூடிய ஒரு மாதிரியை அதில் வையுங்கள்.