வாக்கை எண்ணும் நிரலை யார் படிக்கலாம்?

2024 மக்களவைத் தேர்தலில் ராமநாதபுரம் தொகுதி வாக்காளர்கள் கொஞ்சம் திணறித்தான் போனார்கள். முன்னாள் முதல்வர் ஓ. பன்னீர்செல்வம் சுயேச்சையாக நின்றார். அதே பெயரில் வேறு சில பன்னீர்செல்வங்களும் களத்தில் இறங்கினார்கள். ஒரு வாக்குப்பதிவுக் கருவியில் 16 பொத்தான்கள்தான் உண்டு. பட்டியல் அதைத் தாண்டியதால் சாவடிகளில் இரண்டு கருவிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்க வேண்டியதாயிற்று. பெயரை நம்பினால் வாக்கு மாறிப்போகும் என்று அவருடைய ஆதரவாளர்கள் பலாப்பழச் சின்னத்தைச் சொல்லிச் சொல்லியே வாக்குக் கேட்டார்கள். கடைசியில் வென்றது ஏணிச் சின்னத்தில் நின்ற நவாஸ்கனி.

பெயரும் சின்னமும் பொத்தானும் எல்லோர் கண்ணிலும் படுகின்றன. பொத்தானுக்குப் பின்னால் ஓடும் நிரல் அப்படியல்ல.

பாரத் எலெக்ட்ரானிக்ஸ், இ.சி.ஐ.எல். ஆகிய இரண்டு அரசு நிறுவனங்கள் இந்த இயந்திரத்தைத் தயாரிக்கின்றன. பாரத் எலெக்ட்ரானிக்ஸில் இதன் உருவாக்கத்தில் முக்கியப் பங்காற்றியவர் எழுத்தாளர் சுஜாதா. 1982இல் கேரளத்தின் பரவூரில் முதன்முறையாகப் பயன்பட்ட இந்த இயந்திரம், 2004இல் நாடு முழுவதற்கும் வந்தது. ஆனால் இதன் மூல நிரல் பொதுமக்கள் பார்வைக்கு வந்ததில்லை. அதைத் தணிக்கை செய்யக் கோரிய மனுவை 2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் ஏற்க மறுத்தது; நிரல் வெளியானால் ஊடுருவ நினைப்பவர்களுக்கு வசதியாகிவிடும் என்பது அப்போது எழுந்த கவலை. நிரலைக் காட்டாததற்கு ஈடாக நம்மிடம் இருப்பது காகிதம். பொத்தானை அழுத்தியதும் கண்ணாடிக்குப் பின்னால் 7 விநாடி தெரியும் சீட்டு. சட்டமன்றத் தொகுதிக்கு ஐந்து சாவடிகள் வீதம் இந்தச் சீட்டுகளை எண்ணிச் சரிபார்க்கிறார்கள். ஆறு சட்டமன்றத் தொகுதிகள் அடங்கிய ராமநாதபுரத்தில் அது 30 சாவடி.

ஆஸ்திரேலியத் தலைநகர்ப் பிரதேசம் வேறு வழியில் போனது. அங்கே வாக்காளர்கள் வேட்பாளர்களை 1, 2, 3 என்று வரிசைப்படுத்துவார்கள். கையால் எண்ணி முடிக்க நாள்கணக்கில் ஆகும். 2001 அக்டோபர் தேர்தலில் லினக்ஸ் கணினிகளில் ஓடும் ஈவாக்ஸ் என்ற மென்பொருளைப் பயன்படுத்தினார்கள். அதன் நிரலைத் தேர்தலுக்கு முன்பே இணையத்தில் வெளியிட்டார்கள். பல்கலைக்கழக ஆய்வாளர் ஒருவர் அதைப் படித்துப் பிழை ஒன்றைச் சுட்டிக்காட்ட, வாக்குப்பதிவுக்கு முன்பே திருத்திவிட்டார்கள். திறமூல மென்பொருளின் பயன் இதுதான்: எழுதியவர் கண்ணில் படாதது படிப்பவர் கண்ணில் படும்.

பொதுத் தேர்தல் ஐந்தாண்டுக்கு ஒருமுறைதான். கூட்டங்களோ ஓய்வதில்லை. தமிழ்நாட்டில் கிராம சபை மட்டுமே ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. ராமேசுவரம், மண்டபம், பாம்பன் கரைகளில் மீனவர் சங்கக் கூட்டங்கள் தனிக் கணக்கு. படகு பிடிபட்டால் வேலைநிறுத்தமா, எத்தனை நாள், அடுத்து என்ன போராட்டம் என்று பல குடும்பங்களின் வருமானத்தைத் தொடும் முடிவுகள் அங்கே எடுக்கப்படுகின்றன. பேசித் தீர்மானம் போட்டுக் கையெழுத்து வாங்குவதுதான் நடைமுறை.

இத்தகைய கூட்டங்களுக்கென்றே ஜெர்மனியில் உருவானது ஓப்பன்ஸ்லைட்ஸ் என்ற திறமூல மென்பொருள். நிகழ்ச்சி நிரல், பேச்சாளர் வரிசை, தீர்மானம், திருத்தம், வாக்கெடுப்பு எல்லாம் ஒரே இடத்தில். பேச விரும்புபவர் தன் கைபேசியில் பெயர் கொடுத்தால் வரிசை திரையில் தெரியும். எத்தனை நிமிடம் பேசினார் என்று கடிகாரம் ஓடும். தீர்மானத்தின் ஒவ்வொரு வரிக்கும் எண் உண்டு. உதாரணத்துக்கு, ‘திங்கள் முதல் காலவரையற்ற வேலைநிறுத்தம்’ என்று ஒரு தீர்மானம் வருகிறது. ‘காலவரையற்ற’ என்பதை ‘மூன்று நாள்’ என்று மாற்றச் சொல்கிறார் ஒருவர். எந்த வரியில் எந்தச் சொல் போய் எது வருகிறது என்பதைச் சபை முழுவதும் பார்த்த பிறகே வாக்கெடுப்பு. முதலில் திருத்தம், பிறகு தீர்மானம்.

கையைத் தூக்குவதற்கு இது போதும். ரகசிய வாக்குதான் சிக்கல்: யார் எதற்குப் போட்டார் என்று தெரியவும் கூடாது, எண்ணிக்கை சரிதான் என்று எல்லோருக்கும் நிரூபிக்கவும் வேண்டும். பென் அடிடா 2008இல் வெளியிட்ட ஹீலியோஸ் என்ற திறமூல மென்பொருள் இதற்குக் கணிதத்தில் விடை சொல்கிறது. வாக்கு உங்கள் கணினியிலேயே மறையாக்கம் பெற்றுப் போகிறது. அதற்கு அடையாளமாக ஒரு குறியீடு உங்களுக்குக் கிடைக்கும். பொதுப் பட்டியலில் அந்தக் குறியீட்டைத் தேடி, வாக்கு போய்ச் சேர்ந்ததா என்று பார்த்துக்கொள்ளலாம். தனித்தனி வாக்கு எதையும் பிரிக்காமல் மறைந்த நிலையிலேயே கூட்டி, கூட்டுத்தொகையை மட்டும் திறக்கிறார்கள். பல பூட்டுப் போட்ட கோயில் உண்டியல்போல, திறவுகோல் பொறுப்பாளர்கள் பலரிடம் பிரிந்திருக்கும்.

உலகின் மறையாக்க நிபுணர்களுக்கான பன்னாட்டுச் சங்கம் பல ஆண்டுகளாக இதில்தான் தன் நிர்வாகிகளைத் தேர்ந்தெடுக்கிறது. 2025 தேர்தலில் மூன்று பொறுப்பாளர்களில் ஒருவர் தம் திறவுகோலைத் தொலைத்துவிட்டார். மூன்றும் சேர்ந்தால்தான் திறக்கும் என்ற ஏற்பாடு; வாக்குகள் பத்திரமாக இருந்தும் முடிவை யாராலும் அறிய முடியவில்லை. தேர்தலைத் திரும்ப நடத்தினார்கள். இம்முறை மூவரில் இருவர் போதும் என்று விதியை மாற்றிக்கொண்டார்கள்.

ஹீலியோஸுக்கு இன்னொரு எல்லையும் உண்டு. வீட்டிலிருந்து வாக்களிக்கும்போது பக்கத்தில் நின்று மிரட்டுபவரையோ காசு கொடுப்பவரையோ எந்தக் கணிதமும் தடுக்காது. அதனால் இதைச் சங்கங்களுக்கும் கழகங்களுக்கும்தான் பரிந்துரைக்கிறார்கள், ஊராட்சித் தேர்தலுக்கு அல்ல.

லிப்ரே ஆஃபீஸும் ஃபயர்ஃபாக்ஸும் தன்னார்வலர்களால் தமிழுக்கு வந்தவை. அதே வழியில் இந்தக் கூட்ட மென்பொருள்களையும் யாரிடமும் அனுமதி கேட்காமல் தமிழாக்கலாம். கடினமான வேலை அதற்கு முன்னால் இருக்கிறது. பாக் நீரிணையில் மீன்பிடிக்க விசைப்படகுக்கு வாரம் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நான்கு நாள் என்ற வழக்கம் இருக்கிறது. அதை மாற்றுவது பற்றி ஒரு வாக்கெடுப்பு என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு ஒரு வாக்கா, படகுக்கு ஒரு வாக்கா? மூன்று படகு வைத்திருப்பவருக்கு மூன்றா? படகில் கூலிக்குப் போகிறவருக்கு உண்டா? கரையில் மீன் வாங்கி விற்கும் பெண்களுக்கு? ஓப்பன்ஸ்லைட்ஸில் உறுப்பினர் பட்டியலும் ஒவ்வொருவருக்கும் உரிய வாக்கு எடையும் நிரப்ப வேண்டிய கட்டங்கள். வாய்வழக்கில் இருக்கும்வரை இந்தக் கேள்விகளைத் தள்ளிப்போடலாம். முதல் கூட்டத்தைத் தொடங்க வேண்டுமென்றால் அந்தக் கட்டங்களில் யாராவது ஓர் எண்ணை எழுதியாக வேண்டும், எழுதியதை எல்லா உறுப்பினரும் பார்க்கும்படி வைக்கவும் வேண்டும்.