கதையில் யார் மாறினது? ஆரம்பப் பிரிவில் பாத்திர வளர்ச்சியைக் கற்பித்தல்

தரம் 4 வகுப்பில் ஒரு கதையை வாசித்து முடித்து, "இதில வாறவர் எப்படிப்பட்டவர்?" என்று கேட்டுப் பாருங்கள். "நல்லவர் சேர்", "கூடாதவர் சேர்" என்ற இரண்டு விடைக்கு மேல் பெரும்பாலும் வராது. பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. புலமைப்பரிசில் பரீட்சையை நோக்கிய ஓட்டத்தில் கதைக்கு ஒரு படிப்பினை, பாத்திரத்துக்கு ஒரு சொல் என்று பழகிவிட்டார்கள்.

தமிழ் படித்தவர்கள் பாத்திரவார்ப்பு, பாத்திர வளர்ச்சி என்று பிரித்துப் பேசுவோம். ஒருவர் எப்படிப்பட்டவர் என்று கதை காட்டுவது முதலாவது; கதை நகர நகர அவருக்குள் என்ன மாறுகிறது என்பது மற்றது. ஒன்பது வயதுப் பிள்ளைக்கு இந்தப் பெயர்கள் தேவையில்லை. "யார் மாறினது?" என்று கேட்டாலே போதும்.

ஆமையும் முயலும் ஓடிய கதையில் இதைக் கேட்டால் பாதி வகுப்பு "ஆமை" என்று கத்தும். வென்றதல்லவா! ஆனால் ஆமை தொடக்கத்தில் நடந்தபடிதான் முடிவிலும் நடந்தது. வெற்றி வேறு, மாற்றம் வேறு. அப்படியென்றால் முயல்? அது தோற்றது என்று கதை சொல்கிறது. திருந்தியது என்று சொல்லவில்லை. "நாளைக்கு இன்னொரு ஓட்டம் வச்சாத்தான் தெரியும் சேர்" என்று ஒரு பிள்ளை சொல்லிவிட்டால் அன்றைய பாடம் முடிந்தது. முன்பு சறுக்கிய அதே மாதிரிக் கட்டம் மறுபடியும் வரும்போதுதான் ஒருவர் மாறினாரா என்பது தெரியும்.

இதற்கு நம் பிள்ளைகள் ஏற்கெனவே அறிந்த வரலாறு ஒன்று உண்டு. திருக்குர்ஆனின் 12ஆவது அத்தியாயம் கூறும் யூஸுஃப் (அலை) அவர்களின் வரலாறு. நபிமார்களைக் கதைப் பாத்திரம் போல வைத்து அலசுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஆகவே சகோதரர்களைப் பற்றி மட்டுமே கேட்பேன்.

முதல் முறை, வாப்பா அதிகம் நேசித்த தம்பியைக் கிணற்றில் போட்டார்கள். சட்டையில் பொய் இரத்தம் பூசி வந்தார்கள். பல வருடங்களுக்குப் பின் மிஸ்றில், இளைய தம்பியின் பொதியிலிருந்து அரசரின் பாத்திரம் எடுக்கப்படுகிறது. மறுபடியும் வாப்பாவின் செல்லத் தம்பி. மறுபடியும் விட்டுவிட்டுப் போக வசதியான ஒரு சந்தர்ப்பம். இம்முறை "இவருக்குப் பதிலாக எங்களில் ஒருவரைப் பிடித்துக்கொள்ளுங்கள்" என்ற கருத்தில் கெஞ்சுகிறார்கள். மூத்தவர் வாப்பாவின் அனுமதி இல்லாமல் ஊர் திரும்பவே மறுக்கிறார்.

இதற்குச் சற்று முன்புதான், இவனுடைய சகோதரனும் முன்பு திருடியவன்தான் என்று பழி சொல்லியிருந்தார்கள். "அப்பவும் பொறாமை போகல்லியே சேர்?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். போகவில்லைதான். பழைய குணமும் புதிய குணமும் ஒரே வாயிலிருந்து அடுத்தடுத்து வருகின்றன. குணம் ஒரே நாளில் மாறிவிடாது என்பதைப் பிள்ளை தானாகவே கண்டுகொள்கிற இடம் இது. அவசரப்பட்டு நாம் விளக்கிவிடக் கூடாது.

வகுப்பில் குழப்படிக்காரன் என்று தரம் 2இல் பெயரெடுத்த பிள்ளை, தரம் 5 வரை அந்தப் பெயரைச் சுமந்துகொண்டே வருகிறான். ஆசிரியர் மாறினாலும் பெயர் கைமாறிவிடும். கதையில் வருபவரை ஒரே சொல்லில் முடித்துவிடப் பழகிய பிள்ளைகள், பக்கத்துக் கதிரையில் இருப்பவனையும் அப்படியே முடித்துவிடுகிறார்கள். எனக்கு இந்தப் பாடத்தில் உள்ள அக்கறை பரீட்சையை விட இதனால்தான்.

செய்முறை எளிது. கொப்பியில் நடுவே ஒரு கோடு. இடப்பக்கம் "முதல் முறை", வலப்பக்கம் "இரண்டாம் முறை". இரண்டிலும் அவர் சொன்னது, செய்தது மட்டும். குணத்தைக் குறிக்கும் சொல் கடைசியில்தான். இங்கே ஒரு சிக்கல் வரும்: உணர்ச்சியைக் குணமென்று எழுதுவார்கள். "பயந்தான்" என்பது அந்த நேரத்து நிலை. "பயந்தாங்கொள்ளி" என்பது குணம். ஒருமுறை பயந்தவனைப் பயந்தாங்கொள்ளி என்று எழுதலாமா என்று கேட்டால் வகுப்பே வாதாடும். வாதாட விடுங்கள்.

திருத்தும்போது ஒரு பிள்ளை இரு பக்கமும் ஒரே குணத்தை எழுதியிருந்தால் உடனே பிழை போடாதீர்கள். எந்த வரியைப் பார்த்து எழுதினாய் என்று கேளுங்கள். ஆமைக்கு அதுதான் சரியான விடை.